கடிச்ச நகத்தில நீள நகம் ஒட்டலாமோ?

நல்லூர்த் திருவிழாவுக்கு முதல், கடிச்சுக் கட்டையாப் போன நகத்தில வீட்டிலயே எக்ஸ்டென்ஷன் போடலாமோ எண்டு கேட்டிருக்கிறீங்கள். போடலாம் தங்கச்சி, ஆனா ரத்தம், வீக்கம், உரிஞ்ச தோல் இருந்தா ஆறும்வரைக்கும் ஒண்டும் வேண்டாம்.

கடிச்ச நகத்தில என்ன கரைச்சல் எண்டா ஒட்டிப் பிடிக்க இடம் காணாது, முன்னால சதை வேற எழும்பி நிக்கும், நீளமா ஒட்டினா எங்கையாவது தட்டுப்பட நெம்பிக் கழண்டிடும், அதால முதல்முறை விரல் நுனியைத் தாண்டி 1, 2 மில்லிமீற்றர் காணும். பழகிற ஆளுக்கு, பவுடரும் திரவமும் குழைச்சு வைக்கிற அக்ரிலிக்கை விட பில்டர் ஜெல் எண்ட தடிச்ச நக ஜெல் சுகம், ஜெல்லை இறுக்கிற யூவி லாம்பில வைக்கும்வரைக்கும் இறுகாது, ஆறுதலாச் செய்யலாம். அசிற்றோனில (நகப்பூச்சுக் கழட்டுற திரவம்) ஊறவிட்டாக் கழருற வகையா எண்டு பாத்து வாங்குங்கோ. ஜெல் தோலில பட்டா லாம்பில வைக்க முதலே துடையுங்கோ, அடிக்கடி பட்டா அலர்ஜி வரும், வந்தா லேசில விடாது. சுப்பர் குளூ பக்கமே போகாதேங்கோ.

நாங்கள் கையால சோறு குழைக்கிற ஆக்கள், ஓரம் கிளம்பினா தண்ணி உள்ள நிண்டு நகம் பச்சையாகும், மேல பூசி மறைக்காமல் அசிற்றோனில ஊறவிட்டுக் கழட்டுங்கோ, பிய்க்கவேண்டாம். நகம் மாசத்துக்கு 3 மில்லிமீற்றர் மட்டில வளரும், நாள் கிடந்தா கொஞ்சம் வளரவிட்டுப் போடுறதுதான் எனக்கு விருப்பம்.