சம்பளம் 94,000, ஆலோசனைக் கட்டணம் 1,40,000: வேலையை இப்போதே விடலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. மனைவி, இரண்டு குழந்தைகள், அம்மாவுடன் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன். சென்னையிலுள்ள மென்பொருள் நிறுவனம் ஒன்றில் 9 ஆண்டு 3 மாதங்களாக, இப்போது பெரும்பாலும் வீட்டிலிருந்தே, தொழிற்சாலைகளின் கொள்முதல், இருப்பு, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக நிர்வகிக்கும் ஈஆர்பி மென்பொருளைப் பராமரிக்கும் பணியில் இருக்கிறேன். அடிப்படைச் சம்பளம் 50,000 ரூபாய். கைக்கு வருவது 94,000. கடலூர் சிப்காட்டில் ஓர் ஆலையும் புதுச்சேரி சேதராப்பட்டில் ஓர் ஆலையும், தனியாக ஆலோசகராக வந்தால் மாதம் தலா 70,000 ரூபாய் தருவதாகச் சொல்கின்றன. சேதராப்பட்டு ஆலை இப்போது எங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர். வீட்டுக் கடன் தவணை உட்பட மாதச் செலவு 62,000. வங்கியில் 5 லட்சமும் பி.எஃப்.பில் சுமார் 8 லட்சமும் உள்ளன. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. அடுத்த மாதம் ராஜினாமா செய்துவிட்டு, பி.எஃப். பணத்தை எடுத்து அலுவலகம் வைக்கலாமா?

பதில்: வேலையை விடுவதில் எனக்கு மறுப்பில்லை, அடுத்த மாதம் விடுவதில்தான் மறுப்பு. இன்னும் ஒன்பது மாதம் கழித்து, பத்து ஆண்டு நிறைந்த பிறகு விலகுங்கள். நோட்டீஸ் காலம் இரண்டு மாதம் என்றால், ராஜினாமாக் கடிதத்தை ஏழு மாதம் கழித்துக் கொடுங்கள். காரணம் உங்கள் பி.எஃப். பாஸ்புக்கிலேயே இருக்கிறது. அதில் ஓய்வூதியப் பங்கு என்ற பத்தியில் மாதந்தோறும் 1,250 ரூபாய் வரவு வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 2014 செப்டம்பருக்குப் பின் முதன்முறையாக வேலையில் சேர்ந்தவர்களில், சேரும்போதே அடிப்படைச் சம்பளம் 15,000 ரூபாய்க்கு மேல் இருந்தவர்களுக்கு அந்தப் பத்தி காலியாக இருக்கும். உங்களுக்கு வரவு இருந்தால், 10 ஆண்டுகள் நிறைந்த நாளில் 58 வயது முதல் ஓய்வூதியம் பெறும் தகுதி வந்துவிடும். இன்றைய கணக்கில் அது மாதம் 2,143 ரூபாய்தான், பெரிய தொகையன்று. ஆனால் ஒன்பது மாதப் பொறுமைக்கு ஆயுள் முழுவதும் கிடைக்கும் தொகையை விட்டுக்கொடுக்க என் மனம் ஒப்பவில்லை. பத்தி காலியாக இருந்தாலும் பணிக்கொடையில் (கிராஜுவிட்டி) ஆதாயம் உண்டு. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பகுதி ஒரு முழு ஆண்டாகக் கணக்கிடப்படுவதால், இன்று விலகினால் 9 ஆண்டுக்கு 2,59,615 ரூபாயும், ஒன்பதரை ஆண்டைத் தாண்டி விலகினால் 10 ஆண்டுக்கு 2,88,461 ரூபாயும் கிடைக்கும்.

அடுத்து, 1,40,000 என்ற எண். அதை 94,000உடன் நேராக ஒப்பிடுவது சரியன்று. தொழில்முறைச் சேவைக்கான கட்டணத்தில் 10 சதவீதத்தை டி.டி.எஸ். ஆக, அதாவது உங்கள் வருமான வரிக்கு முன்பணமாக, பிடித்துக்கொண்டுதான் ஆலைகள் பணம் தரும். ஆகவே வங்கிக்கு வருவது 1,26,000. பிடித்த பணம் உங்களுடையதுதான். இதுவரை 44ஏடிஏ பிரிவு என்று எல்லோரும் அழைத்துவந்த உத்தேச வருமான முறையில் வரவில் பாதியை மட்டும் வருமானமாகக் காட்டலாம் என்பதால், ஆண்டு வரவு 16.8 லட்சத்துக்கு வருமானம் 8.4 லட்சமே, புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லாததால் 1.68 லட்சமும் திரும்பி வரும். ஆனால் ஆண்டு முடிந்து, கணக்குத் தாக்கல் செய்த பிறகே வரும். அதுவரை அந்தப் பணத்தை நம்பித் தவணை கட்ட முடியாது.

அதைவிட முக்கியமானது, முதல் ரூபாய் எப்போது வரும் என்பது. மாதம் முழுதும் வேலை செய்து கடைசியில் பில் அனுப்பி, ஆலையின் கணக்குப் பிரிவு 45 நாள் எடுத்துக்கொண்டால், முதல் வரவுக்கு இரண்டரை மாதம் ஆகும். அதற்குள் வீட்டுச் செலவு மட்டும் 1,55,000 ரூபாய். சம்பளக்காரர்கள் ஒன்றாம் தேதியைச் சூரியன் உதிப்பதைப் போல நம்பிப் பழகியவர்கள் என்பதால், இந்த இடைவெளியை எண்ணிப் பார்ப்பதே இல்லை. சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவை இலவசமாகச் செய்துகொள்ளுங்கள். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. தாமதித்தால், பணம் கொடுக்கும்வரை அந்தச் செலவை ஆலை தன் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளவும் முடியாது. இந்த இரண்டாவது விதியைத்தான் கணக்குப் பிரிவினர் உண்மையில் மதிக்கிறார்கள். கட்டணத்தையும் நாள் கணக்கில் பேசாமல் மாதத் தொகையாகவே எழுதி வாங்குங்கள். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததை நீங்களும் பார்த்தவர்தான், நாள் கணக்கில் பேசினால், அப்படிப்பட்ட மழையில் ஆலைக்குப் போக முடியாத நாட்களுக்கு யாரும் பணம் தர மாட்டார்கள்.

ஜி.எஸ்.டி. பற்றி அஞ்ச வேண்டாம். எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்றாலும், மாநிலம் கடந்த சேவைக்கும் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும்வரை பதிவு கட்டாயமில்லை. மூன்றாவது வாடிக்கையாளர் வந்து அந்த எல்லையைத் தாண்டினால் 18 சதவீதம் சேர்த்துப் பில் போடுங்கள். ஆலைகள் பொதுவாக அதைத் தாங்கள் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளும்.

பி.எஃப். பணத்தைத் தொடாதீர்கள். ஐந்தாண்டுக்கு மேல் பணி செய்திருப்பதால் எடுத்தால் வரி இல்லை என்பது உண்மைதான், ஆனால் இந்தத் தொழிலுக்கு அலுவலகமே தேவையில்லை. வீட்டில் ஓர் அறை, நல்ல இன்வெர்ட்டர், இரண்டாவதாக ஓர் இணைய இணைப்பு போதும். அடுத்த ஒன்பது மாதங்களில் மாதம் 25,000 வீதம் ஒதுக்கினால், 5 லட்சம் 7.25 லட்சமாகும், கருவிகளுக்கு ஒரு லட்சம் போனாலும் பத்து மாதச் செலவு கையில் நிற்கும். அதற்குக் குறைவாக வைத்துக்கொண்டு விலகினால், கட்டணம் பேசும்போது உங்கள் குரலே இறங்கிவிடும்.

அம்மாவின் மருத்துவக் காப்பீட்டை மட்டும் ஒத்திப்போடாதீர்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குப் புதிய பாலிசியில் மூன்று ஆண்டு வரை காத்திருப்பு இருக்கலாம். நிறுவனக் குழுக் காப்பீட்டில் அம்மாவும் இருந்தால், அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாறலாமா, கடந்த ஆண்டுகள் கணக்கில் சேருமா என்று மனிதவளப் பிரிவிடம் விலகுவதற்கு முன்பே கேளுங்கள். குடும்பத்துக்கும் தனிப் பாலிசி இப்போதே எடுங்கள். வங்கிகள் சுயதொழில் செய்வோரிடம் இரண்டு, மூன்று ஆண்டு வரிக் கணக்கு கேட்பதால், கடன் ஏதாவது தேவைப்படும் என்றால் அதையும் சம்பளச் சீட்டு இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

கடைசியாகச் சேதராப்பட்டு ஆலை. உங்கள் நியமனக் கடிதத்தில் நோட்டீஸ் காலம் எத்தனை நாள், நிறுவனத்தின் வாடிக்கையாளரை அணுகக் கூடாது என்ற விதி உண்டா என்று படியுங்கள். பணி முடிந்தபின் ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி செல்லாது என்பது பொதுவான நிலை. ஆனாலும் நீதிமன்றம் வரை போக வேண்டியதில்லை, ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தாலே ஆலை பின்வாங்கிவிடும். அப்போது உங்கள் வரவு பாதியாகும், டி.டி.எஸ். போக மாதம் 63,000, அதாவது செலவைவிட ஆயிரம் ரூபாய்தான் அதிகம். எனவே அந்தக் கடிதத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். இந்த ஒன்பது மாதங்களுக்குள், உங்கள் நிறுவனத்தோடு தொடர்பில்லாத இன்னொரு ஆலையையும் பேசி வையுங்கள். வேலையில் இருக்கும்வரை எந்த ஆலையிடமும் பணம் வாங்க வேண்டாம்.