கருவி எழுதும் நிரலை ஒரே பாணிக்குக் கொண்டுவருவது எப்படி?

கேள்வி: கும்பகோணத்தில் நான்கு பேர் சேர்ந்து அரிசி ஆலைகளுக்கான கணக்கு மென்பொருளைப் பைத்தானில் எழுதுகிறோம். டேட்டாபேஸ் டேபிள்களுக்கான கிளாஸ்களை ஒரு ஜெனரேட்டரும் மற்றதில் பாதியை ஏஐயும் எழுதுகின்றன. விதிகளை எழுதிக் கொடுத்தும் ஒவ்வொரு ஃபைலும் ஒவ்வொரு பாணியில் வருகிறது. என்ன செய்வது?

பதில்: இரண்டையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள். டேபிள் மாறும்போதெல்லாம் ஜெனரேட்டர் திரும்ப எழுதும் ஃபைல்களில் யாரும் கை வைக்கக் கூடாது. இன்று திருத்தியது அடுத்த முறை ஓட்டும்போது போய்விடும். பாணி சரியில்லையென்றால் ஜெனரேட்டர் பின்பற்றும் டெம்ப்ளேட்டை மாற்றுங்கள். அந்த ஃபைல்களைத் தனி ஃபோல்டரில் வையுங்கள். சிஐயில், அதாவது நிரல் மாறும்போதெல்லாம் தானாகச் சோதிக்கும் அமைப்பில், ஜெனரேட்டரை மறுபடி ஓட்டி, மாற்றங்களைக் காட்டும் ‘கிட் டிஃப்’பில் ஒரு வரி மாறியிருந்தாலும் பில்ட் நிற்கட்டும்.

ஏஐ எழுதியது அப்படியல்ல. கமிட் ஆகிக் கிட்டில் பதிவான பிறகு அது உங்கள் நிரல்தான், நீங்கள் எழுதியதற்குள்ள எல்லா விதியும் அதற்கும் உண்டு. வாக்கியமாகச் சொன்ன விதியை ஏஐ சில நேரம் விட்டுவிடும். பக்கத்திலிருக்கும் பழைய ஃபைலைப் பார்த்து அதே பாணியில் எழுதிவிடும். அதனால் முதலில் பழையதைச் சீராக்குங்கள். பைத்தான் நிரலின் பாணியைச் சீராக்கும் ரஃப் என்ற கருவியின் ஃபார்மேட்டரை மொத்த ரெப்போவிலும் ஓட்டித் தனிக் கமிட்டாகப் போடுங்கள். அதில் வேறு மாற்றம் எதுவும் கலக்க வேண்டாம். அப்போதுதான் ஒவ்வொரு வரியையும் யார் மாற்றினார் என்று காட்டும் ‘கிட் பிளேம்’ அந்தக் கமிட்டைத் தாண்டிப் பார்க்கும்படி அமைக்க முடியும். நான்கு கணினிகளிலும் சிஐயிலும் ரஃப்பின் வெர்ஷன் ஒன்றாகவே இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒருவர் சீராக்கியதை இன்னொருவரின் கணினி மாற்றிக்கொண்டே இருக்கும். அவரவர் கணினியில் கமிட்டுக்கு முன் ஓடும் ரஃப் சோதனையை யார் வேண்டுமானாலும் தவிர்த்துவிட முடியும். சிஐயிலும் அது ஓடியே ஆக வேண்டும்.

ஃபார்மேட்டர் இடைவெளியையும் வரி நீளத்தையும் பார்க்கும், பெயரைத் தொடாது. பெயரின் வடிவத்துக்கு, பெயரிடும் முறையைச் சோதிக்கும் ரஃப்பின் ‘என்’ விதிகளைச் சேருங்கள். ஆனால் உங்களுக்கு உண்மையான தலைவலி வேறு இடத்தில் இருக்கும். ‘தாளடி’யின் ‘தா’வை ஆங்கில எழுத்தில் ஒரு ஃபைலில் ‘டி’ மட்டும் போட்டும், இன்னொன்றில் ‘டிஎச்’ போட்டும் ஏஐ எழுதும். மூட்டைக்கு ஓரிடத்தில் ‘பேக்’, வேறிடத்தில் ‘சாக்’ என்று பெயர் வைக்கும். இரண்டுமே விதிப்படி சரியான பெயர்கள், எந்தக் கருவியும் தடுக்காது. எடையை வைத்திருக்கும் மாறியின் பெயரில் கிலோவா குவிண்டாலா என்று இல்லாவிட்டால் கணக்கு நூறு மடங்கு தவறும். குறுவை, சம்பா, தாளடி, மூட்டை, ஈரப்பதம் என்று நீங்கள் புழங்கும் சொற்களுக்கெல்லாம் ஒரே எழுத்துக்கூட்டலை ஒரு ஃபைலில் எழுதி, ஒவ்வொரு முறையும் ஏஐக்குக் கொடுங்கள். விலக்கிய எழுத்துக்கூட்டல்களைத் தேடிப் பிடிக்கும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றையும் சிஐயில் சேர்த்துவிடுங்கள்.