‘அன்கம்ஃபர்டபிள்’: நான்கா, ஐந்தா?

கேள்வி: ‘அன்கம்ஃபர்டபிள்’ என்ற ஆங்கிலச் சொல்லில் நான்கு சிலபிள்தான், அதாவது ஒரே வீச்சில் ஒலிக்கும் துண்டுகள் நான்குதான், என்கிறாள் பிளஸ் ஒன் படிக்கும் என் மகள். எழுத்துக்கூட்டி எண்ணினால் எனக்கு ஐந்து வருகிறது. எது சரி? எங்கே அழுத்த வேண்டும்? சொல்லை எப்படிப் பிரிப்பது?

பதில்: மகள் சொல்வதுதான் இன்றைய பேச்சு வழக்கு: அன்-கம்ஃப்-ட-பிள். நிதானமாகச் சொல்பவர்களிடம் அன்-கம்-ஃப-ட-பிள் என்று ஐந்தும் கேட்கும், அதுவும் தவறில்லை. ஆனால் எண்ணும்போது எழுத்தை நம்பாதீர்கள், காதை நம்புங்கள். சிலபிளை யாப்பிலக்கண அசையோடும் குழப்ப வேண்டாம். ‘பலா’ நமக்கு ஒரே நிரையசை. சிலபிள் கணக்கில் அது இரண்டு.

அழுத்தம் ‘கம்’மில். மேசையில் தட்டிப் பழகுங்கள்: ‘அன்’னுக்கு விரல் நுனி, ‘கம்’முக்கு உள்ளங்கை, மிச்சத்துக்கு மறுபடி விரல் நுனி. நம்மவர்கள் பெரும்பாலும் சறுக்குவது ‘ஃபோர்ட்’ என்று நடுவில் ஓங்கிச் சொல்லும்போதுதான். அழுத்தம் இல்லாத இடத்தில் ஆங்கில உயிரெழுத்து தேய்ந்துபோகும். இங்கே மறைந்தே போய்விடுகிறது. அகராதியில் மேலே நிற்கும் சிறு கோட்டையும் கவனியுங்கள். பெரும்பாலான அகராதிகளில் அது அழுத்தம் பெறும் சிலபிளுக்கு முன்னால் வரும், பின்னால் அல்ல.

சொல்லுறுப்புகள் வேறு கணக்கு: அன், கம்ஃபர்ட், ஏபிள் என மூன்று. முதலில் ‘கம்ஃபர்டபிள்’ உருவாகி, பிறகுதான் ‘அன்’ ஒட்டுகிறது. ‘அன்கம்ஃபர்ட்’ என்று தனியே யாரும் சொல்வதில்லை. ‘அன்’ பழைய ஆங்கிலத்துக்கே உரியது. மற்ற இரண்டும் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தவை. ‘கம்ஃபர்ட்’டுக்குள் இருப்பது ‘வலிமையான’ என்று பொருள்படும் ‘ஃபோர்டிஸ்’. கோட்டையைக் குறிக்கும் ‘ஃபோர்ட்’டும் அதன் வழி வந்ததே. ஆக, அந்தச் சொல்லில் ‘ஃபோர்ட்’ இருப்பதாக நினைத்தவர் வேரைச் சரியாகவே கண்டிருக்கிறார், ஒலிதான் தேய்ந்துவிட்டது.

‘அன்’ ஒட்டினால் பொதுவாக அழுத்தம் இடம் மாறாது: ஹேப்பி, அன்ஹேப்பி இரண்டிலும் ‘ஹே’தான். ‘இன்’னிடம் மட்டும் எச்சரிக்கை தேவை. ‘ஃபேமஸ்’ஸில் ‘ஃபே’வில் இருந்த அழுத்தம் ‘இன்ஃபமஸ்’ஸில் ‘இன்’னுக்குத் தாவுகிறது. ‘ஃபைனைட்’, ‘இன்ஃபினிட்’ ஜோடியும் அப்படியே. ‘இன்ஃபேமஸ்’ என்று மகள் படித்தால் உடனே திருத்துங்கள்.