ஐந்தில் இரண்டு என்று சொன்ன பையன்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பி.எட். இரண்டாம் ஆண்டு, கணிதம் படிக்கிறேன். ஊருக்குப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கற்பித்தல் பயிற்சிக்குப் போட்டிருக்கிறார்கள். முதல் வகுப்பு ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, பின்னங்களின் கூட்டல். ராத்திரி வெகுநேரம் உட்கார்ந்து பாடத்திட்டம் எழுதி, சார்ட் போட்டு எடுத்துப் போனேன். கேள்வி கேட்டால் யாரும் வாய் திறக்கவில்லை. அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்றதற்கு ஒரு பையன் மட்டும் ‘ஐந்தில் இரண்டு’ என்றான். தப்பு, உட்கார் என்றேன். வகுப்பே சிரித்தது. அப்புறம் சத்தம் அடங்கவே இல்லை. வழிகாட்டி ஆசிரியர், ‘கையில குச்சி இல்லாம போனா இப்படித்தான்’ என்றார். இப்போது ஆசிரியர் வராத வகுப்புக்கெல்லாம் என்னைத்தான் அனுப்புகிறார்கள். கல்லூரியில் நுண்ணிலைக் கற்பித்தலில் (தோழிகளையே வகுப்பாக வைத்துச் சில நிமிடம் பாடம் நடத்திப் பழகும் பயிற்சி) நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். இந்த வேலை எனக்கு வராதோ என்று பயமாக இருக்கிறது.

(பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகி)

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த ‘ஐந்தில் இரண்டு’. வகுப்பு கைவிட்டுப் போனதைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்தப் பையனைப் பார்ப்போம்.

அவன் மேலே உள்ள ஒன்றையும் ஒன்றையும் கூட்டினான், கீழே உள்ள இரண்டையும் மூன்றையும் கூட்டினான். பின்னம் படிக்கும் பிள்ளைகள் உலகம் முழுக்கச் செய்கிற தப்பு இது. ஏன் அப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? அந்த முறை வேறு ஓர் இடத்தில் சரியாகவே வரும். ஒரு தேர்வில் இரண்டு கேள்விக்கு ஒன்று சரி, அடுத்த தேர்வில் மூன்றுக்கு ஒன்று சரி. மொத்தம்? ஐந்துக்கு இரண்டு. மார்க் கூட்டிக் கூட்டிப் பழகிய பிள்ளைக்கு இது நாள்தோறும் நடக்கிற கணக்கு. அங்கே இரண்டு தேர்வும் வேறு வேறு. நீங்கள் கேட்டதோ ஒரே தோசையில் பாதியையும் மூன்றில் ஒரு பங்கையும். முழுசு ஒன்றா வேறா என்பதில்தான் அவன் தடுமாறியிருக்கிறான். மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) கண்டுபிடிக்கும் வழியைப் பத்துத் தடவை சொன்னாலும் அந்தத் தடுமாற்றம் போகாது. பரீட்சைக்குச் சரியாகப் போட்டுவிட்டு, விடுமுறை முடிந்து வந்ததும் மறுபடி ஐந்தில் இரண்டு என்பான்.

அடுத்த முறை இப்படி ஒரு விடை வந்தால் சரி, தப்பு எதுவும் சொல்லாதீர்கள். விடையைக் கரும்பலகையில் எழுதுங்கள். ‘ஐந்தில் பாதி எவ்வளவு?’ என்று கேளுங்கள். இரண்டரை என்பார்கள். ‘அப்படியானால் ஐந்தில் இரண்டு அரையைவிடப் பெரியதா, சின்னதா?’ சின்னது. ‘அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தோமே, எப்படிக் குறைந்தது?’ அவ்வளவுதான், பிறகு வகுப்பு தானாகப் பேசும். சத்தமும் வரும், ஆனால் கணக்கைப் பற்றிய சத்தம்.

நுண்ணிலைக் கற்பித்தலில் இது ஏன் கிடைக்கவில்லை என்று கேட்பீர்கள். 1963-ல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய முறை அது. ஒரு நேரத்தில் ஒரு திறனை மட்டும் எடுத்துச் சில நிமிடங்கள் பழகிக்கொள்ள நல்ல ஏற்பாடு. ஆனால் நம் கல்லூரிகளில் பிள்ளைகளாக உட்காருவது உங்கள் தோழிகள். அவர்களுக்கு விடை தெரியும், உங்களைக் காப்பாற்றவும் தெரியும். நிஜமாகவே தெரியாத ஒரு பிள்ளையை நீங்கள் முதன்முதலில் பார்ப்பது பள்ளியில்தான். ஆகவே அந்த மதிப்பெண்ணையும் இந்த வகுப்பையும் ஒப்பிடாதீர்கள்.

யாரும் வாய் திறக்கவில்லை என்கிறீர்கள். கேள்வி கேட்டு எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்? மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் வகுப்புகளை ஒலிநாடாவில் பதிவு செய்து இதை ஆராய்ந்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக ஒரு நொடி அளவுதான். அதற்குள் அடுத்த பிள்ளை, அல்லது ஆசிரியரே பதில். மூன்று நொடிக்கு மேல் காத்திருந்தபோது பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகள் பேசினார்கள். 1970-களில் வந்த ஆய்வு, இன்றைக்கும் பொருந்தும். மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுங்கள். பதில் வந்த பிறகும் எண்ணுங்கள், அவன் இன்னும் ஏதாவது சேர்ப்பான். முதலில் அந்த மௌனம் பெரிய சங்கடமாக இருக்கும். பழகிவிடும்.

குச்சி விஷயம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையே சொல்வேன்: குச்சி இருக்கிற வகுப்பில் எவனும் ‘ஐந்தில் இரண்டு’ என்று சொல்லமாட்டான். விடை தெரிந்தவன் சொல்வான், மற்றவர்கள் குனிந்துகொள்வார்கள். யாருக்கு என்ன புரியவில்லை என்பது கடைசி வரை உங்களுக்குத் தெரியவராது. சிரிப்புக்கும் இதேதான். ஒருவன் விடையைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தால் பாடத்தை நிறுத்திவிட்டு, ‘இந்த விடை எப்படி வந்திருக்கும், யார் கண்டுபிடிக்கிறீர்கள்?’ என்று சிரித்தவர்களிடமே கேளுங்கள்.

ஆசிரியர் வராத வகுப்புக்கெல்லாம் உங்களை அனுப்புவது சரியில்லை. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 நெறிமுறைகள் பி.எட். படிப்பை இரண்டு ஆண்டாக்கி, 20 வாரம் பள்ளிக்கென்று ஒதுக்கின. அதில் 16 வாரம் இரண்டாம் ஆண்டில். நிதானமாகப் பார்த்து, செய்து, திருத்திக்கொள்ளக் கொடுத்த காலம் அது. அதைக் காலிப் பணியிடத்தை நிரப்பவும் ரெக்கார்டு எழுதவுமே செலவழிக்க வைப்பது உங்களுக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் செய்கிற அநியாயம். கல்லூரியிலிருந்து பார்வையிட வரும் பேராசிரியரிடம் தயங்காமல் சொல்லுங்கள். நல்ல ஆசிரியர் ஒருவர் அந்தப் பள்ளியில் கட்டாயம் இருப்பார், அவர் தமிழாசிரியராக இருந்தாலும் பரவாயில்லை. அனுமதி கேட்டு அவர் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். அவரைப் பார்ப்பதைவிடப் பிள்ளைகளைப் பாருங்கள்.

கல்லூரி கேட்கிறபடி பாடத்திட்டத்தை எழுதிக் கொடுங்கள், அதற்கு மார்க் உண்டு. கூடவே, பிள்ளைகள் சொல்லும் தப்பு விடைகளுக்கென்று ஒரு நோட்டுப் போடுங்கள். பாடத்திட்டம் எழுதும்போதும் ‘இங்கே என்ன தப்பு வரலாம்?’ என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலை வருமா என்று ஒரு வகுப்பை வைத்து முடிவு செய்ய முடியாது. ஒரு பையன் சொன்ன விடையை மறக்காமல் எனக்கு எழுதியிருக்கிறீர்கள், அதனால் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. நாளைக்கே அவனைத் தனியாகக் கூப்பிட்டு, எப்படிப் போட்டான் என்று கேளுங்கள். பயிற்சி முடிந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள், அந்த நோட்டிலிருந்து இரண்டு மூன்று விடைகளையும் சேர்த்து.

அன்புடன்,
அக்கா