நிகழ்ச்சிக்கு இடம் பார்ப்பது: மூங்கில் கூரையும் 320 லிட்டர் பெட்ரோலும்

கேள்வி இதுதான்: "200 பேர் வரக்கூடிய ஒரு நாள் கருத்தரங்குக்கு இடம் தேடுகிறோம். வசதியாகவும் இருக்க வேண்டும், சூழலுக்குக் கெடுதல் செய்யாததாகவும் இருக்க வேண்டும். எதை வைத்து முடிவு செய்வது?"

பத்து வருடங்களுக்கு மேலாகப் பயிலரங்கு, கருத்தரங்கு நடத்தும் ஒரு சின்னக் குழுவில் இருக்கிறேன். அதில் இடம் பார்ப்பது என் தலையில் விழுந்த வேலை. சரியாகப் பார்த்ததைவிடச் சொதப்பிய இடங்களில்தான் நிறையக் கற்றுக்கொண்டேன். இருப்பதிலேயே பெரிய சொதப்பலைச் சொல்லிவிடுகிறேன்.

ஒருமுறை நகரத்திலிருந்து 25 கிலோமீட்டர் தள்ளி ஓர் அரங்கம் கிடைத்தது. மூங்கில் கூரை, பின்கட்டடத்தின் மேல் சோலார் பேனல்கள், வாசலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சான்றிதழ், சுற்றிலும் மரங்கள். பார்த்த அரைமணி நேரத்தில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். நிகழ்ச்சியன்று காலையில் வரவேற்பு மேசையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து வண்டி நிறுத்துமிடத்துக்குப் போய் எண்ணினேன். 96 கார்கள். பாதிக்கு மேல் ஒற்றை ஆளாக வந்தவை.

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். போக வர 50 கிலோமீட்டர் என்றால் 96 காருக்கு 4,800 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் என்று வைத்தாலும் 320 லிட்டர் பெட்ரோல். ஒரு லிட்டர் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஆக மொத்தம் 730 கிலோவுக்கு மேல். சரி, சோலார் எவ்வளவு மிச்சப்படுத்தியிருக்கும்? அந்த அரங்கில் அன்றைக்கு 350 யூனிட் ஓடியிருக்கலாம். யூனிட்டுக்கு அரைக் கிலோ என்று போட்டால் (உலகச் சராசரி ஏறத்தாழ அந்த அளவுதான்) 175 கிலோ. கூரையில் மிச்சம் பிடித்ததைப் போல நான்கு மடங்கைச் சாலையில் எரித்திருக்கிறோம். அது போதாதென்று, கடைசிப் பேருந்து மாலை ஆறரைக்கு என்பதால் நிறைவு அமர்வில் பாதி நாற்காலிகள் காலி.

அதனால் இப்போதெல்லாம் ஹாலைப் பார்ப்பதற்கு முன்பே வருகிறவர்களைப் பார்க்கிறேன். பதிவுப் படிவத்தில் ஒரு கேள்வி சேர்ப்போம்: எங்கிருந்து வருகிறீர்கள், எதில் வருவீர்கள்? பதில்களை வரைபடத்தில் புள்ளி வைத்தாலே எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று தெரிந்துவிடும். பாதிப் பேர் வேறு ஊர் என்றால் நிகழ்ச்சியையே அந்த ஊருக்கு மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். விமானத்தில் மட்டுமே வர முடிகிற இரண்டு மூன்று பேச்சாளர்களைக் காணொளியில் பேசச் சொல்லலாம். அப்படியென்றால் மேடையில் நின்று, போனில் இணைய வேகத்தைச் சோதித்துப் பாருங்கள். பதிவிறக்க வேகத்தோடு பதிவேற்ற வேகத்தையும் பார்க்க வேண்டும். "வைஃபை சூப்பரா இருக்கும் சார்" என்று சொல்லாத மேனேஜரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

ரயில் நிலையத்திலிருந்தோ பேருந்து நிலையத்திலிருந்தோ அரங்கம் வரை ஒருமுறை பையோடு நடந்து பாருங்கள். வரைபடத்தில் 700 மீட்டர் என்று காட்டும். நடுவில் நடைபாதையே இல்லாத ஒரு மேம்பாலம் இருக்கும். அப்படி இருந்தால் எல்லோரும் வண்டி பிடித்துத்தான் வருவார்கள்.

அடுத்தது அளவு. அரங்கங்களின் விளம்பரத்தில் போடும் கொள்ளளவு பெரும்பாலும் நாற்காலிகளை வரிசையாக நெருக்கிப் போட்டால் கொள்ளும் எண்ணிக்கை. மேசை போட்டால் கதையே வேறு. அமெரிக்கத் தீப் பாதுகாப்பு விதித்தொகுப்பான என்எஃப்பிஏ 101, நெருக்கமான கூட்டத்துக்கு ஆளுக்கு 7 சதுர அடி என்றும், மேசை நாற்காலி போட்ட இடத்துக்கு ஆளுக்கு 15 சதுர அடி என்றும் கணக்கு வைக்கிறது. அதாவது, "400 பேர்" என்று போட்டிருக்கும் ஹாலில் மேசை போட்டால் 200 பேர்கூடத் தாராளமாக உட்கார முடியாது.

இதைக் கேட்டு பயந்து 800 பேர் ஹாலைப் பிடிப்பது அடுத்த தவறு. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உடம்பு ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளிவிடும். 200 பேர் என்றால் 20 கிலோவாட், ஆறு டன் ஏசி கிட்டத்தட்ட அதற்கே சரியாகிவிடும். அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் பெரிய ஹாலில் அதற்கு மேல் காலி இடத்தையும் உயரமான கூரையையும் சேர்த்துக் குளிரவைக்கிறீர்கள். பாதி ஹாலுக்கு மட்டும் ஏசி போட முடியுமா, இல்லை மொத்தத்துக்கும் ஒரே சுவிட்சா என்று கேளுங்கள். கட்டணமில்லாத நிகழ்ச்சி என்றால் பதிவு செய்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு வரமாட்டார்கள் என்பது எங்கள் அனுபவம். பதிவு எண்ணிக்கையைப் பார்த்து ஹால் பிடித்தால், வராதவர்களின் நாற்காலிகளுக்கும் சேர்த்துக் குளிர் காற்று போகும். ஜன்னல் உள்ள ஹால் கிடைத்தால் விடாதீர்கள். நல்ல திரைச்சீலை இருந்தால் புரொஜெக்டருக்கு இருட்டும் கிடைக்கும், மற்ற நேரத்தில் விளக்கும் தேவைப்படாது.

சான்றிதழ்களைப் பற்றி ஒரு வார்த்தை. நிகழ்ச்சிகளைச் சூழலுக்குக் கெடுதல் குறைவாக நடத்துவதற்கான ஐஎஸ்ஓ 20121 என்ற சர்வதேசத் தரம் 2012 லண்டன் ஒலிம்பிக்கை ஒட்டி வந்தது. பிரிட்டனின் பிஎஸ் 8901தான் அதற்கு முன்னோடி. 2024இல் புதிய பதிப்பும் வந்துவிட்டது. அது நிர்வாக முறைக்கான தரம். இவ்வளவு மின்சாரத்துக்குள், இவ்வளவு குப்பைக்குள் முடிக்க வேண்டும் என்ற வரம்பு எதையும் அது விதிப்பதில்லை. லீட், பிரீம் போன்றவை ஒரு கட்டடம் எவ்வளவு பசுமையானது என்று பார்க்கும் மதிப்பீடுகள். லீடில் கட்டும்போது வாங்குவது ஒரு வகை, ஓடிக்கொண்டிருக்கும் கட்டடத்துக்கு வாங்குவது இன்னொரு வகை. அதனால் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் சான்றிதழ் எந்த வகை, எந்த வருடம் என்று படித்துப் பாருங்கள். நாங்கள் ஏமாந்த அந்த மூங்கில் அரங்கில் வாசலில் மாட்டியிருந்தது, நன்றாக உற்றுப் பார்த்தால், ஒரு மரம் நடும் விழாவில் கலந்துகொண்டதற்கான பாராட்டுப் பத்திரம்!

எந்தச் சான்றிதழும் இல்லாத பழைய கட்டடத்தை நான் குறைத்து மதிப்பிடுவதில்லை. அதன் சிமென்டையும் இரும்பையும் தயாரித்தபோது வெளியான கார்பன் என்றைக்கோ வெளியாகி முடிந்துவிட்டது. அமெரிக்காவின் சியாட்டிலில், 1962 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய அரங்கின் கூரையை அந்தரத்தில் தாங்கி நிறுத்தி, அதன் அடியில் தோண்டிப் புதிய அரங்கத்தைக் கட்டி 2021இல் திறந்தார்கள். அவ்வளவு தூரம் நாம் போக வேண்டாம். ஏற்கனவே நிற்கிற நூலக ஹாலையோ கல்லூரி அரங்கையோ விட்டுவிட்டு, மைதானத்தில் ஒருநாள் கூத்துக்குப் பந்தலும் மேடையும் போட்டு ஜெனரேட்டரைக் கொண்டுவந்து நிறுத்தாமல் இருந்தாலே போதும்.

ஹாலைச் சுற்றிக் காட்டும்போது முன்பக்கத்தை எல்லாம் அவர்களே காட்டிவிடுவார்கள். பின்பக்கத்தை நீங்கள்தான் கேட்டுப் பார்க்க வேண்டும். நான் மூன்று இடங்களுக்குப் போவேன்: குப்பை போடும் இடம், ஜெனரேட்டர், மின்சார மீட்டர்.

ஓர் அரங்கில் நடைக்கூடம் முழுக்கப் பச்சை, நீலம், சிவப்பு என்று அழகாகத் தொட்டிகள் வைத்திருந்தார்கள். பின்வாசலில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்த அக்காவிடம், இதெல்லாம் எங்கே போகும் என்று கேட்டேன். கையிலிருந்த கறுப்பு மூட்டையைத் தூக்கிக் காட்டி, "மூணும் இதுக்குள்ளதான் தம்பி" என்றார். அவர் மேல் தப்பே இல்லை. பிரித்ததை எடுத்துக்கொண்டு போக வண்டியே வருவதில்லை.

ஜெனரேட்டர் விஷயத்தில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அது கரண்ட் போனால் மட்டும் ஓடுவதா, நிகழ்ச்சி நேரம் முழுக்க ஓடுவதா? அரங்கத்துக்கு அனுமதிக்கப்பட்ட மின்சுமை எத்தனை கிலோவாட் என்று கேளுங்கள். ஏசிக்கே அது சரியாக இருந்தால், மேடை விளக்கையும் ஒலிபெருக்கியையும் போடும்போது "வெளியிலிருந்து ஒரு ஜெனரேட்டர் எடுத்துக்கலாம்" என்பார்கள். டீசலில் ஒரு யூனிட் எடுக்க ஏறத்தாழ 0.3 லிட்டர் தேவை, அதாவது 0.8 கிலோ கார்பன் டை ஆக்சைடு. சத்தமும் புகையும் தனி. மீட்டரை எதற்குக் கேட்கிறேன் என்றால், நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும் போட்டோ எடுத்துக்கொள்ளத்தான். ஒரு மேனேஜர் சிரித்தார். சிரித்தாலும் கூட வந்து காட்டினார்.

மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி என்றால் வாசலில் ஒரு சாய்தளம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சாய்தளமே ஓர் அடி உயரத்துக்குக் குறைந்தது 12 அடி நீளம் இருக்க வேண்டும்; பல இடங்களில் சறுக்குமரம் மாதிரி இருக்கும். ஒருமுறை சக்கர நாற்காலியில் வந்த எங்கள் பேச்சாளர் வாசலையும் லிஃப்டையும் சிரமமில்லாமல் கடந்துவிட்டார். மேடைக்கு மட்டும் நான்கு படிகள். நாற்காலியோடு தூக்குகிறோம் என்று இரண்டு பேர் முன்வந்தார்கள். அவர் வேண்டாம் என்று சொல்லிக் கீழே இருந்தே பேசினார். நாங்கள் இடம் பார்க்கப் போனபோது அந்தப் படிகளில் ஏறித்தான் மேடையில் நின்று போட்டோ எடுத்தோம். யாருக்கும் தோன்றவில்லை. இப்போது மேடை, கழிப்பறைக் கதவின் அகலம் இரண்டையும் டேப் வைத்து அளக்கிறேன்.

அப்படியே அவசர வழிகளையும் தள்ளித் திறந்து பாருங்கள். உபரி நாற்காலிகளை அடுக்கி வைக்க அந்த இடத்தைவிட வசதியான இடம் ஹால்காரர்களுக்குக் கிடைப்பதில்லை.

கடைசியாக ஒப்பந்தம். சாப்பாட்டுக்குக் குறைந்தபட்ச எண்ணிக்கை ஒன்றைக் கேட்பார்கள். அதைக் கடைசியாக எத்தனை நாள் முன்பு வரை குறைத்துக்கொள்ளலாம் என்பதுதான் உணவு வீணாவதைத் தீர்மானிக்கிறது. ஏழு நாள் என்றிருந்ததை இரண்டு நாளாகக் குறைக்க வைத்ததில் நாங்கள் ஒரே நிகழ்ச்சியில் 40 பேர் சாப்பாடு வீணாகாமல் பார்த்துக்கொண்டோம். சொந்த டம்ளர், தண்ணீர் கேன் கொண்டுவரலாமா, இல்லை அவர்களின் பிளாஸ்டிக் பாட்டிலைத்தான் வாங்க வேண்டுமா, மிஞ்சிய உணவை வெளியே கொடுக்க விடுவார்களா, இதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் அன்றைய ஷிஃப்ட் மேனேஜருக்குத் தெரிந்திருக்காது.

உங்கள் 200 பேருக்கு நான் என்ன செய்வேன்? ரயில் நிலையத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிற நூலக, கல்லூரி ஹால்களை முதலில் பட்டியல் போடுவேன். நாங்களும் அடுத்த வருடம் அப்படி ஒரு பழைய ஹாலுக்குத்தான் போனோம். மின்விசிறி கொஞ்சம் கிறீச்சிட்டது, சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. வண்டி நிறுத்துமிடத்தில் 14 கார்கள். நிறைவு அமர்வு முடிகிற வரை யாரும் மணி பார்க்கவில்லை. போட்டோக்காரர்தான் "போன தடவை பேக்ரவுண்டு நல்லா இருந்துச்சே" என்று கடைசி வரை புலம்பிக்கொண்டிருந்தார்.