வெளிநாட்டுச் சேவைக்குப் போகலாமா? – ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். நான் திருகோணமலை வளாகத்தில் இறுதியாண்டு மாணவி. இலங்கை வெளிநாட்டுச் சேவைப் பரீட்சை எழுத ஆசை. வீட்டில் சொன்ன நாளிலிருந்து ஒரே பிரச்சினை. “மூண்டு வருசத்துக்கு ஒரு நாடு எண்டு திரியிற பிள்ளையை ஆர் கட்டுறது?” என்று அம்மா. மாமா அதற்கும் மேலே. “ஜெனீவால போய் இருந்துகொண்டு இஞ்ச ஒண்டும் நடக்கேல்ல எண்டு வாசிக்கப் போறியோ?” என்று கேட்டுவிட்டு எழும்பிப் போய்விட்டார். எனக்குப் பதில் வரவில்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

மாமாவின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். 2006 ஜனவரி 2ஆம் திகதி ஐந்து மாணவர்கள் கடற்கரையில் கொல்லப்பட்ட ஊரில் இருந்துகொண்டு அவர் அதைக் கேட்கிறார். அந்தக் கொலைகள் பற்றி ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமைப் பேரவையில், பல தடவை பேசியிருக்கிறார்கள். அங்கே ‘இலங்கை’ என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் இருப்பவர் தன் மனதில் உள்ளதைப் பேச முடியாது. கொழும்பு சொல்வதைத்தான் வாசிக்க வேண்டும். வாயால் சொல்லவே கூடாத ஒரு தாள் என்றைக்காவது உங்கள் கைக்கும் வரலாம். அன்று உத்தியோகத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வர உங்களால் முடியுமா? முடியாது என்று பட்டால் மாமா சொல்வதுதான் சரி, போக வேண்டாம்.

முடியும் என்றால் மேலே வாசியுங்கள்.

தூதரகம் எதற்காக இருக்கிறது என்பதை 1961ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தம் மூன்றாம் பிரிவில் வரிசையாகச் சொல்கிறது. தன் நாட்டைப் பிரதிநிதித்துவப்படுத்துவது முதலாவது. அதற்கு அடுத்தபடியாக, தன் நாட்டினதும் தன் நாட்டு மக்களினதும் நலனைக் காப்பது. பேச்சுவார்த்தையும் அறிக்கை அனுப்புவதும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. பத்திரிகையில் படம் வருவது முதலாவதற்கு. நான் ஒரு இராஜதந்திரியை எடைபோடுவது இரண்டாவதை வைத்து.

மூதூர் ரிசானா நபீக்கின் கதை நடந்தபோது நீங்கள் சின்னப்பிள்ளை. அவர் 1988இல் பிறந்தவர். கடவுச்சீட்டில் 1982 என்று போட்டு சவூதிக்கு வீட்டு வேலைக்கு அனுப்பினார்கள். 2005இல் போய்ச் சில வாரங்களிலேயே அவர் போத்தலில் பால் கொடுத்த அந்த வீட்டுக் கைக்குழந்தை இறந்துபோனது, ரிசானா கைதானார். பதினேழு வயது. தெரிந்த மொழி தமிழ். வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவர் அதற்குத் தகுதியான மொழிபெயர்ப்பாளர் இல்லை என்பது பிறகுதான் வெளியே வந்தது. முதல் விசாரணையில் அவருக்காகப் பேசச் சட்டத்தரணியும் இருக்கவில்லை. 2007இல் தவாத்மி நீதிமன்றம் மரண தண்டனை கொடுத்தது. அதற்குப் பிறகு மேன்முறையீடு நடந்தது, தூதுக்குழுக்கள் போயின, ஜனாதிபதி மன்னரிடம் கருணை கேட்டார். 2013 ஜனவரி 9ஆம் திகதி தண்டனையை நிறைவேற்றிவிட்டார்கள்.

அந்தப் பெரிய முயற்சிகளை விட, கைதான முதல் சில நாட்களைத்தான் நான் இன்றும் நினைக்கிறேன். நம் தூதரகம் இருக்கிற றியாதிலிருந்து பல மணி நேரம் ஓடித்தான் தவாத்மிக்குப் போகவேண்டும். தமிழ் பேசுகிற ஒரு கொன்சியூலர் அதிகாரி, அதாவது அங்குள்ள நம் நாட்டவருக்கு உதவுகிற தூதரக அதிகாரி, அன்றே வாகனம் எடுத்துப் போய், அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து, “பயப்பிடாதீங்க, நடந்ததை எனக்குச் சொல்லுங்க, அதுவரைக்கும் ஒண்டிலயும் கையெழுத்து வைக்காதீங்க” என்று சொல்லியிருந்தால்? முடிவு மாறியிருக்கும் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த வார்த்தைகளை அந்தத் தமிழில் சொல்லக்கூடியவர்கள் உங்களைப் போன்றவர்கள்தான். அதனால்தான் உங்களைப் போகச் சொல்கிறேன்.

திருகோணமலையில் இருக்கிற பிராந்திய கொன்சியூலர் அலுவலகத்துக்கு ஒரு காலை வேளையில் போய் இருந்து பாருங்கள். நான் போன நாளில் கிண்ணியாவிலிருந்து ஒரு தாய் வந்திருந்தார். மடியில் ஒரு சொப்பிங் பை. அதற்குள் மகனின் கடவுச்சீட்டுப் பிரதி, கிராம அலுவலரின் கடிதம், நாலாக மடித்த பிறப்புச் சான்றிதழ். வளைகுடாவில் மகன் இறந்துபோயிருந்தான். “எப்ப மகன் வருவான்?” என்று கேட்டார், உயிரோடு இருப்பவனைக் கேட்பது போலவே. அங்கே தூதரகத்தில் ஒருவர் ஆஸ்பத்திரி, பொலிஸ், வேலை கொடுத்தவர், விமானக் கம்பனி என்று ஒவ்வொரு கதவாகத் தட்டினால்தான் அந்தப் பெட்டி கட்டுநாயக்கவுக்கு வந்து சேரும். தூதரகத்தின் ஆரம்பப் பதவியான மூன்றாம் செயலாளராகப் போகிற உங்களுக்கு இந்த வேலை வரக்கூடும். அதைத் தண்டனை என்று நினைப்பவர்கள் அந்தச் சேவைக்குள்ளேயே இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

கடிதம் எழுதும் வேலையையும் லேசாக எண்ண வேண்டாம். 1987 ஜூலை 29ஆம் திகதி ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்தனவும் கைமாற்றிக்கொண்ட கடிதங்களில் நம் திருகோணமலைத் துறைமுகத்துக்கும் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளுக்கும் ஒவ்வொரு வரி உண்டு. 2022 ஜனவரியில் அந்த 99 தாங்கிகளையும் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையில் பிரித்து ஒப்பந்தம் எழுதியபோதும் அந்தப் பழைய வரியின் நிழல் விழுந்திருந்தது.

அம்மாவுக்கு மானெல் அபேசேகரவைப் பற்றிச் சொல்லுங்கள். 1958இல் இந்தச் சேவையில் சேர்ந்த முதல் பெண் அவர். 1982இல் சேபால ஏக்கநாயக்க இத்தாலிய விமானத்தைக் கடத்தி பாங்கொக்கில் இறக்கியபோது தாய்லாந்தில் நம் தூதுவராக இருந்தவரும் அவரே. கடத்தியவனோடு பேசிப் பேசிப் பயணிகளை மீட்டதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனாலும் அம்மாவின் பயத்தில் உண்மை இருக்கிறது. கணவரின் வேலை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், ஊரில் அம்மா படுக்கையில் விழுந்தால் உடனே வரமுடியாத தூரம், இவையெல்லாம் வரும். கலியாணத்துக்கு முன்பே கட்டப்போகிறவரிடம் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். தூதுவர் பதவிகளில் பல சேவைக்கு வெளியே இருந்து அரசியல் நியமனமாகப் போகின்றன என்பதும் தெரிந்திருக்கட்டும். உச்சிப் பதவியை எண்ணிப் போகிறவர்கள் வெறுத்துப்போவது இதனால்தான்.

வர்த்தமானியில் பரீட்சை அறிவித்தல் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, பார்த்துக்கொண்டே இருங்கள். ஆங்கிலத்தையும் சிங்களத்தையும் நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். அதோடு இந்த வருடமே அரபு படிக்கத் தொடங்குங்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் அரபுக் கல்லூரியில் படித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், கேட்டால் சொல்லித் தருவார்கள். மாமாவோடு நானும் கதைக்க விரும்புகிறேன். அவருக்குச் சம்மதம் என்றால் எழுதுங்கள், வீட்டுக்கு வருகிறேன்.

அன்புடன்,
அக்கா