மியூசிக் பிளேயர் மென்பொருள் என்றால் என்ன? அது எப்படி இவ்வளவு பரவியது?

பாட்டுக் கோப்பில் இருப்பது வெறும் எண்கள்தான். அவற்றைப் படித்து மறுபடியும் ஒலியாக மாற்றித் தருவது மியூசிக் பிளேயர். கோப்பு ஒரு புத்தகம் என்றால், பிளேயர் அதை உரக்க வாசித்துக் காட்டுபவர்.

சரி, 1990களில் இது திடீரென்று பரவியது ஏன்? முக்கியக் காரணம் ஒலிக் கோப்பைச் சுருக்கும் எம்பி3 (MP3) என்ற முறை. சிடியில் ஒரு நிமிடப் பாட்டுக்கு ஏறக்குறைய 10 மெகாபைட் இடம் வேண்டும். அன்றைய ஹார்ட் டிஸ்குக்கும் ஆமை வேக இணையத்துக்கும் அது பெரிய சுமை. மிக்ஸி ஓடும்போது கடிகாரத்தின் டிக்டிக் நமக்குக் கேட்பதில்லை அல்லவா? அதுபோலப் பெரிய ஒலிக்குள் அமுங்கிப்போகும் மெல்லிய ஒலிகளின் விவரத்தை எம்பி3 பெரும்பாலும் கழித்துவிடுகிறது. நிமிடத்துக்குச் சுமார் 1 மெகாபைட் போதும் என்றாகிவிட்டது. கெட்டிக்காரத்தனமான யோசனைதான்! 1997இல் வினாம்ப், 2001இல் ஐடியூன்ஸ் என்று பிளேயர்கள் வரிசையாக வந்தன.

அன்றாடத்தில் பலர் பிளேலிஸ்ட் போடுவதோடு நின்றுவிடுகிறார்கள். ஒலியின் பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் பாஸை, அதாவது கனத்த அடி ஒலியை, குறைத்தால் பேச்சுப் பதிவுகள் தெளிவாகக் கேட்கும். வேகத்தைக் கூட்டி நீண்ட உரையைச் சீக்கிரம் கேட்டு முடிக்கலாம். அப்புறம் ஸ்லீப் டைமர்: நேரம் குறித்துவிட்டுத் தூங்கினால், அந்த நேரம் முடிந்ததும் பாட்டு தானாக நின்றுவிடும். என் கணக்கில் இதுதான் மிகவும் உபயோகமானது.

பிளேயரை நீக்கினால் பாட்டுகளும் போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள்; தனிக் கோப்புகளாகச் சேமித்தவை அப்படியே இருக்கும், ஸ்ட்ரீமிங் செயலிக்குள் இறக்கிவைத்தவை மட்டும் அதோடு போகும்.